வட்டம் சுற்றும் நேரத்தில் கம்பைலர்

அம்பை என்று அழைக்கப்படும் அம்பாசமுத்திரத்தில் ஒரு தமிழாசிரியரிடம் பழைய கோயில் மலர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாள் பழுத்துவிட்டது. தொட்டால் ஓரம் உதிர்கிறது. அதில் நான்கு பக்கங்களையாவது கணினி எழுத்தாக மாற்றி வைத்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். கைப்பேசியில் படம் எடுக்கிறார். எழுத்துகளைப் படித்துத் தரும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, படத்தை அதில் கொடுக்கிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழ் எழுத்துகள் வரிவரியாக வந்து நிற்கின்றன.

படம் வேறெங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்வந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். இந்த வகைப் பக்கங்களில் பல அப்படி வேலை செய்வதில்லை. டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரல், ஆசிரியரின் பிரவுசருக்குள்ளேயே இறங்கி அங்கேயே ஓடுகிறது. படம் கைப்பேசியை விட்டு வெளியே போவதே இல்லை.

டெசராக்ட் நேற்று முளைத்த நிரல் அல்ல. 1985-இல் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தின் பிரிஸ்டல் ஆய்வகத்தில் தொடங்கியது. 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. 2006 முதல் கூகுள் அதை வளர்க்க உதவியது. இன்று தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதில் பயிற்சித் தரவு இருக்கிறது. ஆனால் அது எழுதப்பட்டது சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில். பிரவுசருக்குத் தெரிந்ததோ ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்டது வெப்அசெம்பிளி.

அதற்கு முன்னோடி வேலை மொசில்லாவில் நடந்தது. சி பிளஸ் பிளஸ் நிரலைப் பிரவுசரில் ஓடும்படி மாற்றித் தரும் எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியை அலோன் ஜகாய் உருவாக்கினார். 2013-இல் ஃபயர்ஃபாக்ஸ் அந்த வகை நிரல்களை அடையாளம் கண்டு வேகமாக ஓட்டத் தொடங்கியது. 2015 ஜூனில் கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் நான்கும் சேர்ந்து வெப்அசெம்பிளி என்ற பொது வடிவத்தை அறிவித்தன. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57 இரண்டிலும் அது வந்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சஃபாரியும் எட்ஜும் சேர்ந்துகொண்டன.

இதன் பிறகு டெசராக்ட் போன்ற ஒரு நிரல் இரண்டு முறை கம்பைல் ஆகிறது, அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. முதல் முறை, அதை வெளியிடுபவரின் கணினியில்: சி பிளஸ் பிளஸ் மூலத்திலிருந்து வெப்அசெம்பிளிக் கோப்பு உருவாகிறது. அதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அம்பையில் இருக்கும் ஆசிரியருக்குக் கவலையில்லை. இரண்டாவது முறை, அவருடைய கையில்: பிரவுசர் அந்தக் கோப்பை வாங்கி, அந்தக் கைப்பேசியின் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. வட்டம் சுற்றும் நேரத்தில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது.

இந்த மாற்றத்தைச் செய்வது கம்பைலர். கம்பைலர் என்றதும் அது உருவாக்கும் நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்றுதான் முன்பெல்லாம் பார்த்தார்கள். பிரவுசருக்குள் கம்பைலர் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய கைப்பேசி.

வெப்அசெம்பிளிக் கோப்பைத் திறந்தால் வெறும் எண்கள். முதல் எட்டு பைட்டுகள் எப்போதும் 0, 97, 115, 109, 1, 0, 0, 0. முதல் நான்கு அடையாளம், அடுத்த நான்கு பதிப்பு எண். உள்ளே போனால் இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு ஃபங்ஷனின் உடல் இப்படி இருக்கும்: 32, 0, 32, 1, 106, 11. இதில் 32 என்பது "இந்த மாறியை எடுத்து அடுக்கின் மேல் வை" என்ற கட்டளை. எந்த மாறி என்பதை அடுத்து வரும் 0 அல்லது 1 சொல்கிறது. 106 வந்தால் மேலிருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி விடையை வைக்க வேண்டும். 11 என்றால் முடிந்தது. ஆறே பைட்டில் ஒரு முழு வேலை.

கைப்பேசிச் சில்லில் இப்படி ஓர் அடுக்கு கிடையாது. ரிஜிஸ்டர் என்ற சின்னச் சின்னச் சேமிப்பிடங்கள் உண்டு. இப்போது புழங்கும் 64 பிட் ஆர்ம் சில்லில் பொதுப் பயன்பாட்டுக்கு 31 ரிஜிஸ்டர்கள். மேசைக் கணினிகளின் இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் 16. அடுக்கில் இருக்கும் ஒவ்வொரு மதிப்பையும் எந்த ரிஜிஸ்டரில் வைப்பது, இடம் தீர்ந்தால் எதை நினைவகத்துக்கு வெளியேற்றுவது என்று முடிவெடுப்பதுதான் கம்பைலரின் தலைவலிகளில் பெரியது.

சின்னக் கோவை ஒன்றுக்கு இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். (அ + ஆ) × (இ − ஈ). அ, ஆ இரண்டையும் கொண்டுவர இரண்டு ரிஜிஸ்டர் வேண்டும். கூட்டிய விடை அவற்றில் ஒன்றில் தங்கிவிடும், மற்றது காலியாகும். அந்த விடையைக் காப்பாற்றிக்கொண்டே இ, ஈ இரண்டையும் கொண்டுவர வேண்டும் என்றால் மொத்தம் மூன்று ரிஜிஸ்டர். எந்தக் கோவைக்கும் குறைந்தபட்சம் எத்தனை வேண்டும், எந்தப் பக்கத்தை முதலில் கணக்கிட வேண்டும் என்று சொல்லும் முறையை 1970-இல் ரவி சேத்தியும் ஜெஃப்ரி உல்மனும் வெளியிட்டார்கள். ரவி சேத்தி ஐஐடி கான்பூரில் படித்தவர். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கம்பைலர் டிசைன் படிக்கும் நெல்லை மாணவர்கள் கையில் வைத்திருக்கும், அட்டையில் டிராகன் படம் போட்ட அந்தப் பாடநூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

கோவை ஒன்றுக்கு இது எளிது. ஆயிரக்கணக்கான வரிகள், கிளைகள், சுழல்கள் கொண்ட ஃபங்ஷனுக்குக் கடினம். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் கிரிகரி சைட்டின் இதை வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் கணக்காக மாற்றினார். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு மதிப்புகளுக்கு ஒரே வண்ணம் கூடாது. வண்ணங்களின் எண்ணிக்கை ரிஜிஸ்டர்களின் எண்ணிக்கை. விடை நன்றாக வரும், நேரம்தான் பிடிக்கும். 1999-இல் மாசிமிலியானோ பொலெட்டோவும் விவேக் சர்க்காரும் வேறு வழி காட்டினார்கள். ஒவ்வொரு மதிப்பும் நிரலின் எந்த இடத்தில் பிறந்து எந்த இடத்தில் கடைசியாகப் பயன்படுகிறது என்பதை ஒரு கோடாக வைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே நடையாக நடந்து ரிஜிஸ்டர்களைக் கொடுத்துக்கொண்டே போவது. நிரலின் தரம் கொஞ்சம் குறையும், கம்பைல் ஆகும் நேரம் வெகுவாகக் குறையும். குரோமின் வி8 எஞ்சினில் இருக்கும் டர்போஃபேன் கம்பைலர் இந்த வழியில் வந்ததுதான்.

அதுவும் போதவில்லை. ஆகவே பிரவுசர்கள் இரண்டு கம்பைலர்களை வைத்துக்கொண்டன. முதலாவது அவசரக்காரர். கோப்பை ஒரே ஒரு முறை முதலிலிருந்து கடைசி வரை படிக்கும். படிக்கும்போதே சில்லுக்கான கட்டளைகளை எழுதிக்கொண்டே போகும். திரும்பிப் பார்க்காது, மெருகேற்றாது. இரண்டாவது நிதானமானவர். நிரல் முழுவதையும் வரைபடமாக்கி, தேவையற்றதை நீக்கி, ரிஜிஸ்டர்களைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும். முதலாமவர் கொடுத்த நிரலை வைத்து ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, இரண்டாமவர் பின்னணியில் தயாரிப்பதை ஒவ்வொரு ஃபங்ஷனாக மாற்றி வைப்பார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 58 இந்த ஏற்பாட்டுடன் 2018 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு குரோமில் லிஃப்ட்ஆஃப் என்ற அவசரக் கம்பைலர் சேர்ந்தது.

அப்போது மொசில்லா சொன்ன கணக்கு: அவசரக் கம்பைலர் மற்றதைவிட 10 முதல் 15 மடங்கு சீக்கிரம் முடிக்கிறது, அது தரும் நிரல் இரண்டு மடங்குதான் மெதுவாக ஓடுகிறது. சுமாரான கைப்பேசியில் நொடிக்கு 8 எம்பி வெப்அசெம்பிளியை அது கம்பைல் செய்தது. மூன்று எம்பி உள்ள நிரல் என்றால் அரை நொடிக்குள் தயார். நிதானமான கம்பைலரை மட்டும் நம்பியிருந்தால் அதே வேலைக்கு நான்கைந்து நொடி ஆகியிருக்கும் என்று இந்த விகிதத்தை வைத்துத் தோராயமாகச் சொல்லலாம்.

கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. கோப்பு முழுவதும் இறங்கி முடியும் வரை கம்பைலர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால், கடைமடைக்குப் போய்ச் சேரட்டும் என்று தலைமடைக்காரர் காத்துக்கொண்டா இருக்கிறார்? தன் மடைக்கு வந்ததும் உழவைத் தொடங்கிவிடுகிறார். அப்படித்தான் கோப்பின் முதல் துண்டு வந்ததும் அதிலுள்ள ஃபங்ஷன்கள் கம்பைலாகத் தொடங்கும். வெப்அசெம்பிளியை வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, எந்த ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன தரும் என்ற பட்டியலைக் கோப்பின் முன்பகுதியிலேயே வைத்தார்கள். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியாகக் கம்பைல் செய்ய முடியும். எட்டு கோர் உள்ள கைப்பேசியில் பல ஃபங்ஷன்கள் ஒரே நேரத்தில் கம்பைலாகும். சிக்னல் மந்தமாகக் கிடைக்கும் மலையடிவாரத்து ஊர்களில், கோப்பு இறங்கி முடியும் நேரத்திலேயே கம்பைலும் ஏறக்குறைய முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஆரம்பத்தில் ஒரு குறை இருந்தது. குரோமில் நிதானக் கம்பைலர் பின்னணியில் எல்லா ஃபங்ஷன்களையும் மறுபடி கம்பைல் செய்தது. ஒரு முறை மட்டும் ஓடி ஓயும் ஃபங்ஷனுக்கும் அதே உழைப்பு. பேட்டரி கரையும், கைப்பேசி சூடாகும். 2021-இல் குரோம் 96-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி இது மாறியது. அடிக்கடி ஓடும் ஃபங்ஷன்களை மட்டும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் மெருகேற்றுகிறார்கள். வேகப் போட்டிப் பட்டியல்களில் இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. மலிவான கைப்பேசி வைத்திருப்பவருக்கு எல்லா மாற்றங்களிலும் இதுவே பெரியது.

சரி, ஒரே ஒரு ஃபங்ஷன் ராட்சத அளவில் வந்தால்? எட்டு கோர் இருந்தும் பயனில்லை, அதை ஒரு கோர்தான் சுமக்க வேண்டும். 2024-இல் ஃபயர்ஃபாக்ஸில் இது நடந்தது. மைக்ரோசாஃப்டின் ஓஎன்என்எக்ஸ் ரன்டைம் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தை வெப்அசெம்பிளியாக ஓட்டியபோது, நிதானக் கம்பைலரான அயான் அளவுக்கு மீறி நேரத்தையும் நினைவகத்தையும் தின்றது. மொசில்லாவின் யான் டி மோய் அதைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய கணினியில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் எடுத்த வேலை, திருத்தங்களுக்குப் பிறகு 3.9 நொடியில் முடிந்தது.

இந்தத் திருத்தங்களில் மந்திரம் ஏதும் இல்லை, பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவருக்குப் புரியக்கூடியவை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ரிஜிஸ்டர் ஒதுக்கும் பகுதி தன் தகவல்களை வரிசை கெடாத சங்கிலிப் பட்டியல்களில் வைத்திருந்தது. அப்படிப்பட்ட பட்டியலில் புதிய உருப்படி ஒன்றைச் சேர்க்க, அதன் இடம் கிடைக்கும் வரை சங்கிலியில் நடக்க வேண்டும். ஆயிரம் உருப்படிகளைக் கலைந்த வரிசையில் சேர்த்தால் சராசரியாக இரண்டரை லட்சம் எட்டு. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு லட்சம் உருப்படி என்றால் 250 கோடி எட்டு. உருப்படி நூறு மடங்கு கூடினால் வேலை பத்தாயிரம் மடங்கு கூடுகிறது. அதையே மொத்தமாகச் சேர்த்துவிட்டு ஒரே முறை வரிசைப்படுத்தினால் ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகளில் முடிந்துவிடும். எழுதியவர்கள் சின்ன ஃபங்ஷன்களை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். பல வருடம் அது சரியாகவே வேலை செய்தது. இயந்திரக் கற்றல் நூலகங்கள் வந்தபோதுதான் அந்தப் பழைய முடிவு வெளியே தெரிந்தது.

இதே நெருக்கடிக்கு, அதாவது பயனர் காத்திருக்கும்போது கம்பைலருக்கு நேரம் போதாது என்ற நெருக்கடிக்கு, தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு விடை வந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் மானஸ் தாக்கூரும் வி. கிருஷ்ண நந்திவாடாவும் உருவாக்கிய "பை" என்ற அமைப்பு 2019-இல் ஏசிஎம் அமைப்பின் நிரல்மொழி ஆய்விதழில் வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஜாவா. ஜாவாவும் இரண்டு முறை கம்பைல் ஆகிறது: எழுதுபவரின் கணினியில் ஒரு முறை, ஓட்டுபவரின் கணினியில் ஓடும்போதே இன்னொரு முறை. ஓடும்போது ஆழமாக ஆராய நேரம் இல்லை. எழுதும்போது நேரம் உண்டு, ஆனால் ஓட்டுபவரின் கணினியில் எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு இருக்கும் என்று தெரியாது.

அவர்கள் செய்தது இது. நேரம் தாராளமாக இருக்கும் முதல் கட்டத்திலேயே ஆராய்ச்சியை முடிந்தவரை செய்து, தெரியாத இடங்களில் "நூலகத்தின் இந்த ஃபங்ஷன் இப்படி நடந்துகொண்டால் விடை இது" என்று நிபந்தனையுடன் எழுதி வைத்துவிடுவது. நூலகத்தையும் தனியாக இதேபோல் ஆராய்ந்து வைப்பது. ஓடும்போது இரண்டு குறிப்புகளையும் பொருத்திப் பார்த்து நிபந்தனைகளை அவிழ்த்தால் போதும், கடினமான பகுதி ஏற்கெனவே முடிந்திருக்கும். ஒரே இழை (த்ரெட்) மட்டும் தொடும் பொருளுக்குப் போட்டிருக்கும் பூட்டை நீக்குவது, வெறுமையாக இருக்கவே முடியாத மதிப்பை மறுபடி மறுபடி சோதிப்பதை நிறுத்துவது ஆகிய இரண்டுக்கும் இந்த முறையைப் பொருத்திக் காட்டினார்கள். எந்த ஃபங்ஷனை முதலில் கம்பைல் செய்வது நல்லது என்று கோப்பிலேயே குறிப்பு எழுதி அனுப்பும் யோசனை இப்போது வெப்அசெம்பிளி வட்டாரத்திலும் பரிசீலனையில் இருக்கிறது. பேச்சு ஜாவாவைப் பற்றியதா பிரவுசரைப் பற்றியதா என்பது இரண்டாம்பட்சம். நேரம் இருக்கும் இடத்தில் உழைத்து, நேரம் இல்லாத இடத்துக்குக் குறிப்பை அனுப்பும் இந்த வழிக்கு இனி வேலை அதிகம் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரவுசரில் ஓடும் நிரல் நேரடியாக ஓடும் நிரலுக்கு இணையாகிவிடவில்லை. 2019-இல் அபினவ் ஜங்டாவும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றியவர்களும், சில்லுகளைச் சோதிக்கப் பயன்படும் ஸ்பெக் நிரல்தொகுதியை வெப்அசெம்பிளியில் ஓட்டி அளந்தார்கள். ஃபயர்ஃபாக்ஸில் சராசரியாக 45 சதவீதமும் குரோமில் 55 சதவீதமும் மெதுவாக ஓடின. ரிஜிஸ்டர்களைச் சிக்கனமாகப் பங்கிடாதது, பாதுகாப்புக்காகச் சேர்க்கும் சோதனைகள் என்று காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பாதுகாப்புச் சோதனைகளை ஒரேயடியாகக் கழித்துவிட முடியாது. முன்பின் தெரியாத பக்கத்திலிருந்து வரும் நிரல் கைப்பேசியின் மற்ற தகவல்களைத் தொடாமல் பார்த்துக்கொள்பவை அவைதான்.

இந்த ஊர்ப்பக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அம்பைக்குப் பக்கத்தில், தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் ஜோஹோவின் அலுவலகம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் மென்பொருள்களில் பெரும்பாலானவை பிரவுசரில் ஓடுபவை. 2023-இல் அது உலா என்ற சொந்தப் பிரவுசரையே வெளியிட்டது. உலா, குரோமின் திறமூல அடித்தளமான குரோமியம் மேல் கட்டப்பட்டது. ஆகவே அதற்குள்ளும் மேலே சொன்ன வி8, லிஃப்ட்ஆஃப், டர்போஃபேன் எல்லாம் இருக்கின்றன.

பிரவுசரில் ஓடும் நிரல்களைத் தமிழுக்காக உருவாக்குபவர்கள் மூன்று காரியங்களைக் கவனித்தால் பயனரின் காத்திருப்பு குறையும். கோப்பு இறங்கும்போதே கம்பைல் செய்யும் ஸ்ட்ரீமிங் வசதியைக் கூப்பிட வேண்டும். அதற்குச் சர்வர் அந்தக் கோப்பு வெப்அசெம்பிளி வகை என்று சரியாக அறிவிக்க வேண்டும். தவறான வகை சொன்னால் பிரவுசர் ஸ்ட்ரீமிங்கை மறுத்துவிடும். இந்த ஒரு வரி அமைப்பை விட்டுவிடுபவர்கள் ஏராளம். அடுத்தது, கோப்பின் முகவரியைத் தேவையில்லாமல் மாற்றக் கூடாது. 2019 முதல் குரோம், 128 கேபிக்குக் குறையாத கோப்புகளைக் கம்பைல் செய்து முடித்த பின் விளைவைச் சேமித்து வைக்கிறது; முகவரியோ கோப்போ மாறினால் சேமிப்பு வீண், எல்லாம் முதலிலிருந்து. மூன்றாவது, பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசி ஒன்றை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். விலையுயர்ந்த மடிக்கணினியில் எல்லாமே வேகமாகத்தான் தெரியும்.

தமிழ்க் கணிமை பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, மொழிபெயர்ப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவை அவசியம்தான். ஆனால் அந்த எழுத்துணரியும் மொழிபெயர்ப்பியும் பிழைதிருத்தியும் அம்பையின் கைப்பேசியில் எத்தனை நொடியில் எழுந்து நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கம்பைலர். அந்த இடத்தில் நம் மாணவர்கள் அதிகம் பேர் இருக்க வேண்டும்.

நுழைவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலும் வி8 மூலநிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. புதியவர்கள் தொடங்குவதற்கென்றே எளிய வழுக்களைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது மொசில்லா. எந்த வேலை எத்தனை மில்லிநொடி எடுக்கிறது என்று அளந்து காட்டும் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலர் இலவசம். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலோ சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலோ கம்பைலர் டிசைன் எழுதித் தேறிய இறுதியாண்டு மாணவர்கள், இந்த வருடப் புராஜெக்டுக்குத் தமிழ் எழுத்துணரி ஓடும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலுள்ள பழைய கைப்பேசியில் அதைத் திறந்து, கம்பைலுக்கு எவ்வளவு நேரம் போகிறது, எந்த ஃபங்ஷன் அதில் அதிகம் தின்கிறது என்று அளந்து, அந்த அளவீட்டைப் பிரவுசரின் வழுப் பட்டியலில் பதியுங்கள்.